குழந்தைகளின் யூரிட்டர், சிறுநீர்ப்பைப் பிறவிக் குறைகள்: அல்ட்ராசவுண்டில் எதை முதலில், எதை அப்புறம் பார்ப்பது

ஸ்கேன் அறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குக் குழந்தையைப் படுக்க வைத்ததும் கை தானாகச் சிறுநீரகத்துக்குத்தான் போகும். வலது, இடது, நீளம், அளவு என்று ஏழெட்டு நிமிடம் நிதானமாக ஓடிவிடும். அப்புறம் கீழே இறங்கினால் சிறுநீர்ப்பை காலி, துணி ஈரம், குழந்தை சுகமாகத் தூங்குகிறது. யூரிட்டரின் கீழ்முனை, அது பைக்குள் பலூன் மாதிரி ஊதியிருக்கும் யூரிட்டரோசீல், பையின் சுவர் இதெல்லாம் பை நிறைந்திருக்கும்போதுதான் ஒழுங்காகத் தெரியும். அந்த வாய்ப்பு இப்போது போய்விட்டது. இன்னும் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் பாதிக் கண்ணோடு ரிப்போர்ட் எழுத வேண்டும்.

ஆகவே இந்த வழிகாட்டி முழுக்க வரிசையைப் பற்றியதுதான்: முதலில் பை, பிறகு அதன் பின்னால், பிறகு யூரிட்டரைப் பிடித்துக்கொண்டே மேலே, கடைசியில் மறுபடி காலியான பை. சிறுநீரகத்தை ஓரளவு ஸ்கேன் செய்யத் தெரிந்தவர்களுக்காக எழுதுகிறேன். சிறுநீர்நாளத்தை யூரிட்டர் என்றும், பையிலிருந்து வெளியே போகும் வழியை யூரித்ரா என்றும், சிறுநீர் பையிலிருந்து யூரிட்டருக்குத் திரும்பி ஏறுவதை ரிஃப்ளக்ஸ் என்றும் சொல்லப்போகிறேன், அறையில் நாம் அப்படித்தானே பேசுகிறோம்.

1. ப்ரோப்பைத் தொடும் முன் நான்கு கேள்விகள்

குழந்தைக்கு எத்தனை நாள் வயது? ஆணா, பெண்ணா? கருவில் இருந்தபோது எடுத்த ஸ்கேனில் என்ன சொன்னார்கள்? இப்போது ஏன் அனுப்பியிருக்கிறார்கள்? இந்த நான்குக்கும் பதில் தெரியாமல் ஜெல்லைத் தடவாதீர்கள்.

வயது ஏன் முக்கியம் என்றால், பிறந்த முதல் 48 மணி நேரத்தில் குழந்தைக்குச் சிறுநீர் உற்பத்தியே குறைவு. உண்மையில் விரிந்திருக்க வேண்டிய பெல்விஸ் (சிறுநீரகத்துக்குள் சிறுநீர் சேர்ந்து யூரிட்டருக்குள் இறங்கும் இடம்) அந்த நேரத்தில் சுருங்கி, சாதாரணம் போலத் தெரியும். கருவில் லேசான விரிவு இருந்த குழந்தையை முதல் நாளே பார்த்து "எல்லாம் சரி" என்று எழுதி அனுப்பிவிட்டால், அந்தக் குழந்தை திரும்பி வருவது காய்ச்சலோடுதான். இதற்கு விதிவிலக்கு உண்டு: இரு பக்கமும் கடுமையான விரிவு, ஒற்றைச் சிறுநீரகம், பனிநீர் குறைவு, ஆண் குழந்தையில் யூரித்ரா அடைப்புச் சந்தேகம். இவற்றில் 48 மணி நேரம் காத்திருக்கக் கூடாது, உடனே பார்க்க வேண்டும்.

ஆணா பெண்ணா என்பது தேடலின் திசையையே மாற்றும். யூரித்ராவின் பின்பகுதி வால்வு ஆண் குழந்தைக்கு மட்டுமே வரும். யூரிட்டர் தவறான இடத்தில் திறப்பது இருவருக்கும் வரலாம், ஆனால் அதனால் எப்போதும் சொட்டிக்கொண்டே இருப்பது பெண் குழந்தைக்குத்தான். காரணம், பெண்ணில் அது சிறுநீரை அடக்கும் தசைக்குக் கீழே, யூரித்ராவிலோ பிறப்புறுப்புப் பாதையிலோ திறக்க முடியும். ஆணில் அது எப்போதும் அந்தத் தசைக்கு மேலேதான் திறக்கும். "நேரத்துக்கு ஒழுங்காகப் போகிறாள், ஆனாலும் துணி காய்வதே இல்லை" என்று ஒரு தாய் சொன்னால், அந்த ஒரு வாக்கியத்துக்குள்ளேயே பாதி நோயறிதல் இருக்கிறது. படிவத்தில் அது இருக்காது. கேட்டால்தான் கிடைக்கும்.

கருவில் எடுத்த ஸ்கேனைப் படிக்கும்போது பெல்விஸின் முன்பின் அளவு, அது எத்தனையாவது வாரம் எடுத்தது, இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். 2014-ல் பல துறையினர் சேர்ந்து ஒப்புக்கொண்ட, சிறுநீர்ப் பாதை விரிவுக்கான யூடிடி வகைப்பாட்டின்படி 28 வாரத்துக்கு முன் 4 மி.மீ.க்குக் கீழும், 28 வாரத்துக்குப் பின் 7 மி.மீ.க்குக் கீழும் இயல்பு. "6 மி.மீ." என்று மட்டும் எழுதியிருந்தால், வாரம் தெரியாமல் அதற்கு அர்த்தமே இல்லை. பனிநீர் எவ்வளவு இருந்தது, பை தெரிந்ததா, யூரிட்டர் தெரிந்ததா என்பதையும் தேடுங்கள்.

இன்னொன்று, சிறுநீர்க் குழாய் செருகியிருக்கிறதா என்று போர்வையை விலக்கிப் பாருங்கள். ஏன் என்று ஐந்தாம் பகுதியில் சொல்கிறேன்.

2. பை நிறைந்திருக்க வேண்டும், ஆனால் பிதுங்கக் கூடாது

கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக் கொஞ்ச நேரம் கழித்துப் பார்ப்பது நல்லது. ஜெல்லைக் கட்டாயம் வெதுவெதுப்பாக்குங்கள். குளிர்ந்த ஜெல் வயிற்றில் பட்டதும் குழந்தை சிறுநீர் விடுவது சகஜம், அதற்குப் பிறகு யாரைத் திட்டியும் பயனில்லை. துணியை முழுதாக அவிழ்க்காமல் மேல்விளிம்பை மட்டும் இறக்கிவிடுங்கள். ப்ரோப்பைத் துணிக்குப் பக்கத்தில் தயாராக வைத்துவிட்டு அப்புறம் திறங்கள்.

பெரிய குழந்தைகளில் நேர்மாறான பிரச்சினை. "நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு வா" என்று சொல்லி அனுப்பினால் பை வெடிக்கும் நிலையில் வருவார்கள். அளவுக்கு மீறி நிறைந்த பை இரண்டு வழியில் ஏமாற்றும்: மேலே பெல்விஸையும் யூரிட்டரையும் போலியாக விரித்துக் காட்டும், உள்ளே இருக்கும் சின்ன யூரிட்டரோசீலை நசுக்கி மறைத்துவிடும்.

எவ்வளவு நிறைந்தால் போதும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. வயதோடு இரண்டைக் கூட்டி 30-ஆல் பெருக்கினால் மில்லிலிட்டரில் கொள்ளளவு கிடைக்கும்; நான்கு வயதுக் குழந்தைக்கு 180. சிலர் இரண்டுக்குப் பதில் ஒன்றைக் கூட்டுவார்கள், அதுவும் வழக்கத்தில் உள்ளதுதான். கைக்குழந்தைக்கு எடையைக் கிலோவில் எடுத்து 7-ஆல் பெருக்குங்கள். 5 கிலோ குழந்தைக்கு 35 மி.லி. எந்தக் கணக்கை எடுத்தாலும் அடுத்த முறையும் அதையே எடுங்கள்.

ப்ரோப் விஷயத்தில் பலர் சோம்பேறித்தனம் செய்கிறார்கள். பெரியவர்களுக்கான வளைந்த ப்ரோப்பை வைத்தே எல்லாவற்றையும் முடித்துவிடுகிறார்கள். பிறந்த குழந்தையின் வயிறு சில சென்டிமீட்டர் ஆழம்தான், அதற்கு அதிக அதிர்வெண் கொண்ட லீனியர் (நேரான தலை கொண்ட) ப்ரோப்பும் சிறிய தலை கொண்ட வளைந்த ப்ரோப்பும் வேண்டும். பையின் சுவர், யூரிட்டரின் கீழ்முனை, தொப்புளுக்கும் பைக்கும் இடைப்பட்ட பகுதி ஆகிய மூன்றையும் லீனியர் இல்லாமல் பார்த்ததாகச் சொல்லாதீர்கள்.

3. முதல் பார்வை: பையும் அதன் சுவரும்

பூப்பெலும்புக்குச் சற்று மேலே குறுக்குவாட்டில் வைத்து, பையின் உச்சியிலிருந்து, யூரித்ரா தொடங்கும் அதன் கழுத்து வரை மெதுவாகச் சாய்த்துக்கொண்டே போங்கள். பிறகு நெடுக்குவாட்டில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம். இந்த இரண்டு முழு ஓட்டத்தையும் வீடியோவாகச் சேமித்துவிடுங்கள், முப்பது வினாடிகூட ஆகாது. குழந்தை அதற்குள் சிறுநீர் விட்டாலும் கையில் ஏதோ ஒன்று இருக்கும்.

பையின் முன்சுவரை ஒட்டி மங்கலான புகை மாதிரித் தெரியும். அது எதிரொலிக் கோளாறு, பைக்குள் இருக்கும் கசடு இல்லை. கெய்னை, அதாவது படத்தின் பிரகாசத்தை, குறைத்தால், கோணத்தை மாற்றினால் போய்விடும். உண்மையான கசடு கீழே படியும், குழந்தையைப் புரட்டினால் நகரும்.

சுவரின் தடிமனைப் பின்பக்கமோ பக்கவாட்டிலோ அளக்கவும், கழுத்துக்கு அருகில் அளக்கக் கூடாது, அங்கே இயல்பாகவே தடிப்பு. பை நிறைந்திருந்தால் 3 மி.மீ. வரை, காலியாக இருந்தால் 5 மி.மீ. வரை ஏற்றுக்கொள்ளலாம். இங்கேதான் பெரிய குழப்பம் நடக்கும்: காலிப் பையில் 4 மி.மீ. அளந்துவிட்டு "சுவர் தடித்திருக்கிறது" என்று எழுதுகிறார்கள், பெற்றோர் கலங்கிப்போய் வருகிறார்கள், பை நிறைந்தபின் பார்த்தால் 2 மி.மீ. அளவை எழுதும் இடத்திலேயே நிறைந்த நிலையா காலி நிலையா என்று எழுதாத அளவு, அளவே இல்லை.

கொள்ளளவுக்கு நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி 0.52-ஆல் பெருக்குங்கள். கைக்குழந்தையின் பை ஒழுங்கற்ற வடிவம் என்பதால் இது தோராயம்தான்.

இரு பக்கமும் காது மாதிரிப் பை வெளியே நீண்டிருந்தால் பதறாதீர்கள். கைக்குழந்தைகளில் பாதி நிறைந்த பை கவட்டைப் பக்கம் அப்படித் தற்காலிகமாக நீளும், நிறைந்ததும் மறைந்துவிடும். உண்மையான பக்கப்பை, அதாவது சுவரிலிருந்து வெளியே பிதுங்கிய பை, சிறுநீர் நிறைய நிறையப் பெரிதாகும், அது பெரும்பாலும் யூரிட்டர் நுழையும் இடத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கும், அதோடு ரிஃப்ளக்ஸும் கூட வரும்.

4. பைக்குப் பின்னால்: யூரிட்டரின் கீழ்முனை

சாதாரண யூரிட்டர் அல்ட்ராசவுண்டில் தெரியாது, அல்லது சுருங்கி விரியும்போது கணநேரம் மின்னிவிட்டுப் போகும். அதனால் "யூரிட்டர் தொடர்ந்து தெரிகிறது" என்பதே ஒரு செய்தி.

குறுக்குவாட்டில், பையின் அடிப்பகுதிக்குப் பின்னால் இரு பக்கமும் சின்ன கருப்பு வட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உடனே கலர் (இரத்த ஓட்டத்தை நிறமாகக் காட்டும் டாப்ளர்) போடுங்கள். இரத்தக் குழாயாக இருந்தால் நிறம் வரும், யூரிட்டராக இருந்தால் வராது. இந்த ஒரு வினாடி வேலையைச் செய்யாமல் இடுப்பு இரத்த நாளத்தை யூரிட்டர் என்று அளந்த ஒரு படம் என்னிடம் இன்னும் இருக்கிறது. எடுத்தது நான்தான்.

நிறம் வரவில்லை என்றால் அந்த வட்டத்தை நடுவில் வைத்துக்கொண்டு ப்ரோப்பைச் சாய்வாகத் திருப்புங்கள், குழாயாக நீளும். பைக்குப் பின்னால் 7 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் அதை மெகாயூரிட்டர் என்கிறோம். ஒரே படத்தில் அளந்துவிட்டு ஓடாதீர்கள். யூரிட்டர் சுருங்கி விரியும், ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டிருந்து அதிக அளவை எழுதுங்கள். அந்த ஒரு நிமிடம் இன்னொன்றையும் சொல்லிக்கொடுக்கும். பிறவி மெகாயூரிட்டரில் பையை ஒட்டிய கடைசித் துண்டு மட்டும் அசையாமல் குறுகலாக இருக்கும், அதற்கு மேலே யூரிட்டர் மும்முரமாகச் சுருங்கிச் சிறுநீரைத் தள்ளிப் பார்க்கும், தள்ளியது திரும்பி மேலேயே வரும். அந்தக் காட்சியை ஒரு முறை பார்த்தால் மறக்காது.

விரிந்த யூரிட்டர் என்றால் அடைப்பு என்று நினைத்துவிட வேண்டாம். அடைப்பு இருக்கலாம், ரிஃப்ளக்ஸ் இருக்கலாம், இரண்டும் இருக்கலாம், இரண்டும் இல்லாமலும் விரிந்திருக்கலாம். நான்கையும் அல்ட்ராசவுண்டால் மட்டும் பிரிக்க முடியாது.

அடுத்த கேள்வி, அது எங்கே முடிகிறது? பையின் கழுத்தைத் தாண்டியும் யூரிட்டர் கீழே போய்க்கொண்டே இருந்தால் அது தவறான இடத்தில் திறக்கிறது. நெடுக்குவாட்டில் கழுத்தையும் யூரிட்டரையும் ஒரே படத்தில் கொண்டுவந்தால்தான் இதைச் சொல்ல முடியும். மலம் நிறைந்த குடல் பின்னாலிருந்து அழுத்தினால் எல்லாம் மங்கலாகும். குடலின் முன்பின் அளவையும் குறித்துவையுங்கள், மலச்சிக்கலே சில சமயம் முழுப் பிரச்சினையாக இருக்கும்.

பைக்குப் பின்னால் இருக்கும் கருப்பெல்லாம் யூரிட்டர் இல்லை. பெண் குழந்தையில் நடுக்கோட்டில் பெரிய நீர்க்கட்டி, உள்ளே கசடு என்றால் அது பிறப்புறுப்புப் பாதையில் தேங்கிய திரவமாக இருக்கலாம். ஆண் குழந்தையில் ஒரு பக்கச் சிறுநீரகமே இல்லாமல் அதே பக்கம் பைக்குப் பின்னால் கட்டி தெரிந்தால் விந்துப்பையின் நீர்க்கட்டியை நினையுங்கள். கருவில் அருகருகே உருவாகும் உறுப்புகள், ஒன்று கெட்டால் மற்றதையும் பார்க்க வேண்டும். பெண் குழந்தையில் ஒரு சிறுநீரகம் இல்லை என்றால் கருப்பையைத் தேடிப் பார்ப்பதும் அதனால்தான்.

5. யூரிட்டரோசீல்: அதிகமாகத் தவறவிடப்படுவது

யூரிட்டரின் கடைசித் துண்டு பலூன் மாதிரி ஊதிப் பைக்குள் துருத்திக்கொண்டிருப்பதுதான் யூரிட்டரோசீல். மெல்லிய சுவர் கொண்ட வட்டம், உள்ளே தெளிந்த நீர். பைக்குள் இன்னொரு சின்னப் பை போலத் தெரியும். பாடப்படத்தில் இவ்வளவு எளிது. அறையில் அது நான்கு விதத்தில் கண்ணில் மண்ணைத் தூவும்.

முதலாவது, பை ரொம்ப நிறைந்துவிட்டால் அழுத்தத்தில் தட்டையாகி மறையும். பாதி நிறைந்த நிலையில் பார்த்தது முழுதாக நிறைந்ததும் காணாமல் போவது இதனால்தான். அதனால் பையைப் பல அளவுகளில் பாருங்கள். கைக்குழந்தை நடுவில் சிறுநீர் விட்டால் அதையும் ஒரு வாய்ப்பாக எடுத்துக்கொண்டு உடனே மறுபடி பாருங்கள்.

இரண்டாவது, அது உள்புறமாகத் துருத்தாமல் வெளிப்புறமாகத் திரும்பிக்கொள்ளும், பக்கப்பை மாதிரித் தெரியும். பாதி நிறைந்தபோது உள்ளே துருத்தியது, முழுதாக நிறைந்ததும் அதே இடத்தில் வெளியே துருத்துகிறது என்றால் இரண்டும் ஒன்றுதான்.

மூன்றாவது, மிகப் பெரிய யூரிட்டரோசீல் பை முழுவதையும் அடைத்துக்கொள்ளும். அப்போது அதையே பை என்று நினைத்து அளந்துவிடுவோம், உண்மையான பை ஓரத்தில் பிறை போல நசுங்கிக் கிடக்கும். "பை" சிறுநீர் கழித்தபின்னும் சுருங்கவே இல்லை என்றால் சந்தேகப்படுங்கள்.

நான்காவது, குழாயின் பலூன். செருகிய குழாயின் நுனியில் இருக்கும் பலூனும் மெல்லிய சுவர் கொண்ட வட்டம்தான், உள்ளேயும் நீர்தான். போர்வையை விலக்கிப் பார்க்காதவர்கள் இதை யூரிட்டரோசீல் என்று எழுதியதுண்டு. வெளியே தெரியும் குழாயை விரலால் மெல்ல அசைத்தால் உள்ளே பலூனும் அசையும், பிரச்சினை தீர்ந்தது.

யூரிட்டரோசீலைக் கண்டால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். அதன் பின்னால் விரிந்த யூரிட்டர் வந்து சேர்கிறதா என்று பாருங்கள், அந்த யூரிட்டரைப் பிடித்துக்கொண்டு மேலே போங்கள். குழந்தைகளில் அது பெரும்பாலும் இரட்டைச் சேகரிப்பு (மேல்பாதிக்கும் கீழ்பாதிக்கும் தனித்தனிச் சேகரிப்பும் யூரிட்டரும்) கொண்ட சிறுநீரகத்தின் மேல்பாதியில்தான் போய் முடியும். கூடவே, யூரிட்டரோசீலின் அடிப்பகுதி பையின் கழுத்துக்குள் இறங்குகிறதா என்பதையும் பார்க்கவும். இறங்கினால் அது வெளியேறும் வழியையே அடைத்து இரு பக்கச் சிறுநீரகங்களையும் கெடுக்கும். பெண் குழந்தையில் அது யூரித்ரா வழியாக வெளியே பிதுங்கி வருவதும் உண்டு.

6. யூரிட்டரைப் பிடித்துக்கொண்டே மேலே

கீழ்முனையைப் பார்த்தாகிவிட்டது. நடுப்பகுதியைக் குடல் வாயு மறைக்கும். அங்கே முன்பக்கமிருந்து போராடாமல் குழந்தையைப் பக்கவாட்டில் திருப்பி, விலாவின் ஓரத்திலிருந்து பாருங்கள், முதுகுத் தசையின் முன்னால் யூரிட்டர் ஓடுவது தெரியும்.

மேலே போனதும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: பெல்விஸ் விரிந்திருக்கிறது, யூரிட்டர் விரிந்திருக்கிறதா? பெல்விஸ் பெரிது, யூரிட்டர் தெரியவில்லை என்றால் பிரச்சினை இரண்டும் சேரும் இடத்தில். பெல்விஸும் யூரிட்டரும் சேர்ந்து விரிந்தால் பிரச்சினை கீழே. இதனால்தான் கீழிருந்து தொடங்கச் சொன்னேன். கீழே பார்த்துவிட்டு வந்தவருக்கு இந்தக் கேள்வியின் பதில் ஏற்கெனவே கையில் இருக்கும். அபூர்வமாக வலது யூரிட்டர் பெரிய சிரைக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு போகும், அப்போது மேல்பாதி மட்டும் விரிந்து நடுவில் சட்டென்று நிற்கும்.

இரட்டைச் சேகரிப்பில் ஒரு விதி உண்டு, வெய்கெர்ட்-மேயர் விதி. மேல்பாதியின் யூரிட்டர் பையில் கீழேயும் நடுக்கோட்டுக்குப் பக்கத்திலும் போய்த் திறக்கும், அடைபடுவதும் யூரிட்டரோசீல் ஆவதும் அதுதான். கீழ்பாதியின் யூரிட்டர் சற்று மேலே, பக்கவாட்டில் திறக்கும், அதில் ரிஃப்ளக்ஸ் வரும். ஆக மேல்பாதி மட்டும் விரிந்திருந்தால் பைக்குத் திரும்பிப் போய் யூரிட்டரோசீலையோ தவறான திறப்பையோ தேடுங்கள். கீழ்பாதி மட்டும் விரிந்திருந்தால் ரிஃப்ளக்ஸை நினையுங்கள். விதிவிலக்கு இருக்கிறது, ஆனால் தேட வேண்டிய இடத்தை இது சொல்லிவிடும்.

எப்போதும் துணி ஈரமாக இருக்கும் பெண் குழந்தையில் மேல்பாதி சுருங்கிப்போய், விரல்நுனி அளவு கூட இல்லாமல் ஒளிந்திருக்கலாம். அல்ட்ராசவுண்டில் இரு சிறுநீரகமும் நன்றாகவே தெரியும், எல்லாம் சரி போலிருக்கும். கதை அவ்வளவு தெளிவாக இருக்கும்போது படத்தை நம்பிக் கதையை ஒதுக்காதீர்கள், எம்ஆர் யூரோகிராபி (சிறுநீர்ப் பாதையைக் காட்டும் எம்ஆர்ஐ) வரை போகச் சொல்லி எழுதுங்கள்.

பெல்விஸின் முன்பின் அளவைக் குறுக்குவாட்டுப் படத்தில், சிறுநீரகத்துக்குள் இருக்கும் பகுதியின் அதிகபட்ச இடத்தில் எடுக்க வேண்டும். வெளியே துருத்தும் பகுதியில் எடுத்தால் அளவு பெருகும். பிறந்த பிறகு யூடிடி கணக்கில் 10 மி.மீ.க்குக் கீழே, கேலிக்ஸும் (பெல்விஸில் வந்து சேரும் சின்னக் கிண்ணங்கள்) விரியாமல், மற்ற எல்லாம் சரியாக இருந்தால் இயல்பு. 10 முதல் 15-க்குள், அல்லது நடுக் கேலிக்ஸ் மட்டும் விரிந்திருந்தால் பி1. 15 அல்லது அதற்கு மேல், இல்லையென்றால் ஓரக் கேலிக்ஸ் விரிவு அல்லது யூரிட்டர் விரிவு இருந்தால் பி2. சிறுநீரகத் திசு மெலிந்தாலோ, அதன் தோற்றம் கெட்டாலோ, பை இயல்பாக இல்லாவிட்டாலோ பி3. கவனியுங்கள், பெல்விஸ் அளவு சின்னதாக இருந்தாலும் பை கெட்டிருந்தால் அது நேரே பி3. மிக மோசமான அம்சம் எதுவோ அதுதான் வகையைத் தீர்மானிக்கும்.

பிறந்த குழந்தையின் சிறுநீரகத்தில் பிரமிடுகள் (உள்பக்கத் திசுவின் கூம்புகள்) கருப்பாக, தனித்தனியாகத் தெரியும். புதியவர்கள் அதை விரிந்த கேலிக்ஸ் என்று எண்ணிவிடுகிறார்கள். விரிந்த கேலிக்ஸ் நடுவில் பெல்விஸோடு இணையும், பிரமிடு இணையாது.

7. ஆண் குழந்தை, தடித்த பை, இரு பக்க விரிவு

இது வரும்போது மற்ற எல்லாவற்றையும் நிறுத்துங்கள். யூரித்ராவின் பின்பகுதியில் வால்வு போன்ற சவ்வு வழியை மறிக்கிறது, பை அதை எதிர்த்துத் தள்ளித் தள்ளித் தடித்துவிடுகிறது, பின்னழுத்தம் இரு சிறுநீரகங்களுக்கும் ஏறுகிறது. பையின் கழுத்துக்குக் கீழே யூரித்ரா விரிந்து, பையோடு சேர்த்துப் பார்த்தால் சாவித்துளை மாதிரித் தெரியும். பூப்பெலும்புக்கு மேலிருந்து பார்த்தால் இது தெரியாமல் போகலாம். விதைப்பைக்கும் மலவாய்க்கும் இடையில் லீனியர் ப்ரோப்பை நெடுக்குவாட்டில் வைத்துப் பாருங்கள், அதுவும் குழந்தை சிறுநீர் விடும் நேரத்தில் கிடைத்தால் மிக நல்லது. இந்த இடத்தில் மட்டும் ஈரமாவதைப் பற்றிக் கவலைப்படாமல் துணியை அவிழ்த்துவிட்டுக் காத்திருக்கலாம்.

சிறுநீரகத்தைச் சுற்றி நீர் தேங்கியிருக்கிறதா, வயிற்றுக்குள் நீர் இருக்கிறதா, திசு பிரகாசமாகி உள்ளே சின்ன நீர்க்கட்டிகள் தெரிகின்றனவா என்பதைக் குறிக்கவும். பிறகு ரிப்போர்ட்டைத் தட்டச்சு செய்யும் வரை காத்திருக்காமல் குழந்தையை அனுப்பிய மருத்துவரை அழைத்துச் சொல்லுங்கள். குழாய் செருகிப் பையை வடிப்பதுதான் முதல் சிகிச்சை, அது காத்திருக்கக் கூடாது.

பெரிய, ஆனால் அவ்வளவு தடிப்பில்லாத பை, வளைந்து நெளிந்த யூரிட்டர்கள், சுருங்கிய தோலோடு தளர்ந்த வயிறு, இறங்காத விதைகள் என்றால் அது வேறு, புரூன் பெல்லி நோய்க்குறி. வயிற்றைக் கண்ணால் பார்த்தாலே தெரிந்துவிடும், அதனால் ஸ்கேனுக்கு முன் வயிற்றைப் பாருங்கள்.

8. தொப்புள் வரை ஒரு ஓட்டம்

கருவில் பையையும் தொப்புளையும் இணைத்த குழாய்தான் யூரேக்கஸ். பிறந்தபின் அது நாராகச் சுருங்க வேண்டும். முழுதாகத் திறந்திருந்தால் தொப்புளில் சிறுநீர் கசியும். நடுவில் மட்டும் திறந்தால் நீர்க்கட்டி. தொப்புள் பக்கம் திறந்தால் புழை. பையின் பக்கம் திறந்தால் பக்கப்பை. லீனியர் ப்ரோப்பை நடுக்கோட்டில் நெடுக்குவாட்டில் வைத்துத் தொப்புளிலிருந்து பை வரை ஓட்டினால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். அழுத்தாதீர்கள், குழாய் நசுங்கி மறையும். பையின் உச்சியில் சின்ன முட்டை வடிவக் கருமை தனியாக இருந்தால், குழந்தைக்கு எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டால், அது இயல்பான எச்சம்தான்.

பையே தெரியவில்லை என்றால்? முதலில் காத்திருங்கள், இப்போதுதான் காலியாகியிருக்கும். அரை மணி நேரம் கழித்தும் தெரியவில்லை என்றால் அடிவயிற்றைப் பாருங்கள். வெளியே திறந்த பை கண்ணுக்கே தெரியும். கருவில் அதைக் கண்டுபிடிப்பதுதான் கடினம்: பனிநீர் இயல்பாக, இரு சிறுநீரகங்களும் இயல்பாக, ஆனால் பை மட்டும் நிறையவே இல்லை.

9. காலியான பிறகு மறுபடி

எல்லோரும் சோர்ந்துபோன கட்டத்தில் வருவதால் இதைத்தான் அதிகம் தவிர்க்கிறார்கள். குழந்தை சிறுநீர் கழித்ததும் மிச்சத்தை அளங்கள், பெல்விஸையும் யூரிட்டரையும் மறுபடி அளங்கள். நிறைந்தபோது 12 மி.மீ., காலியானதும் 6 மி.மீ. என்றால் நிறைந்த பைதான் காரணம். குறையவே இல்லை என்றால் விஷயம் வேறு. கழிக்கும்போது அதிகமானால் ரிஃப்ளக்ஸ் சந்தேகம். பெரிய குழந்தைகளில் மிச்சம் அதிகமாகத் தெரிந்தால் ஒரே அளவை நம்பாதீர்கள். அந்நியர்கள் நிறைந்த அறையில் வெட்கப்பட்டுப் பாதியில் நிறுத்தியிருப்பார்கள், மறுபடி அனுப்பிப் பாருங்கள்.

ஜெட் (யூரிட்டரிலிருந்து பைக்குள் சிறுநீர் பீய்ச்சி வருவது) பார்ப்பதானால் பை நிறைந்திருக்கும்போதே, குறுக்குவாட்டில் கலர் போட்டுச் சில நிமிடம் பொறுமையாக இருங்கள். ஒரு பக்கம் வந்துகொண்டே இருக்க, மறுபக்கம் வரவே இல்லை என்றால் அடைப்புக்கு ஆதரவான அறிகுறி. ஆனால் நீர் குறைவாகக் குடித்த குழந்தையிலும் கைக்குழந்தையிலும் ஜெட்டை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

ரிஃப்ளக்ஸ் பற்றி ஒரு வார்த்தை: இயல்பான அல்ட்ராசவுண்ட் ரிஃப்ளக்ஸ் இல்லை என்று நிரூபிக்காது. பெல்விஸ் சுவர் தடிப்பு, மாறிக்கொண்டே இருக்கும் விரிவு எல்லாம் சந்தேகத்தைக் கிளப்பும், அவ்வளவுதான். உறுதிக்குப் பையில் கான்ட்ராஸ்ட் நிரப்பிச் சிறுநீர் கழிக்க வைத்து எடுக்கும் எக்ஸ்ரே வேண்டும், அல்லது கதிர்வீச்சே இல்லாமல் நுண்குமிழிகளை நிரப்பி அல்ட்ராசவுண்டிலேயே பார்க்கும் முறை. கந்தக ஹெக்சாஃப்ளோரைடு நுண்குமிழியைக் குழந்தைகளின் ரிஃப்ளக்ஸுக்குப் பயன்படுத்த அமெரிக்க எஃப்டிஏ 2016-ல் அனுமதித்தது. ஆண் குழந்தையின் யூரித்ராவையும் அதே அமர்வில் பார்க்கலாம்.

10. ரிப்போர்ட்டில் எழுத வேண்டியதும் கூடாததும்

"ரிஃப்ளக்ஸ் இல்லை" என்று எழுதாதீர்கள். "அடைப்பு" என்றும் ஒரே ஸ்கேனை வைத்து எழுதாதீர்கள், "விரிவு" என்று எழுதுங்கள். அடைப்பைச் சொல்ல ஐசோடோப் ரீனோகிராம் (கதிரியக்க மருந்து செலுத்திச் சிறுநீரகம் அதை வெளியேற்றுவதைப் பார்ப்பது) மாதிரி வேறு சோதனை தேவை. "லேசான ஹைட்ரோநெப்ரோசிஸ்" (சிறுநீரகச் சேகரிப்புப் பகுதியின் விரிவு) என்று மட்டும் விடுவதும் பயனற்றது, அடுத்து பார்ப்பவருக்கு லேசு என்றால் எவ்வளவு என்று தெரியாது. பெல்விஸ் அளவு, கேலிக்ஸ் நடுவிலா ஓரத்திலா, திசு எப்படி, யூரிட்டர் மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு, அது எங்கே முடிகிறது, பையின் சுவர், மிச்சம், இவற்றை இரு பக்கத்துக்கும் தனித்தனியாக எழுதுங்கள். பார்க்க முடியாததை "பார்க்க முடியவில்லை, குடல் வாயு" என்று எழுதுங்கள், "இயல்பு" என்று எழுதாதீர்கள்.

அடுத்த ஸ்கேன் மூன்று மாதமோ ஆறு மாதமோ கழித்து, பெரும்பாலும் வேறொருவர் கையில்தான் நடக்கும். அவர் முதலில் தேடுவது பழைய அளவை, அதற்கடுத்து அந்த அளவு எடுத்தபோது பையில் எத்தனை மில்லிலிட்டர் இருந்தது என்பதை. அதனால் ஒவ்வொரு பெல்விஸ் அளவுக்குப் பக்கத்திலும் பையின் கொள்ளளவை எழுதிவிடுங்கள்.